எந்தப் பஞ்சநதம்?

"ஒரு பொண்ணு எனக்குத் தங்கச்சியா, இல்லையான்னு கண்டுபிடிச்சுத் தரணும் மேடம்" என்றான் வந்தவன்.

தஞ்சாவூர் கீழவாசலில், மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றின் மாடியில் இருந்தது குந்தவையின் திருமண விசாரணை நிலையம். மாப்பிள்ளை குடிப்பானா, துபாயில் நிஜமாகவே வேலை பார்க்கிறானா என்று கேட்டுத்தான் ஆட்கள் அந்தப் படியேறுவார்கள். இப்படி ஒரு கேள்வியை, சப்-இன்ஸ்பெக்டராக இருந்த காலத்தில்கூட அவள் கேட்டதில்லை. எதிர் மேஜையில் இருந்த டேவிட்சன் அதற்குள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அருகில் வந்துவிட்டான். மருந்துக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதியாக அலைந்து சலித்துப்போய், துப்பறிய வந்தவன் அவன். நாற்பது வயதிலும் ஒவ்வொரு வழக்கும் அவனுக்கு முதல் வழக்குதான்.

வந்தவன் பெயர் மதிவாணன். பட்டுக்கோட்டையில் தேங்காய் மண்டி வைத்திருந்தான். குத்தாலத்துக்குப் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்த வானதியை அவனுக்குப் பேசி, நிச்சயமும் முடிந்திருந்தது. மாசியில் கல்யாணம்.

"எங்க பெரியப்பா ராஜ்குமார் சிங்கப்பூர்ல ரிட்டயர் ஆகி வந்தவர். கல்யாணப் பரிசா ரெண்டு குடும்பத்துக்கும் வம்சாவளி சார்ட் போட்டுத் தர்றேன்னார். போட்டுப் பாத்தா, ரெண்டும் ஒரே ஆள்கிட்ட போய் நிக்குது. எங்க கொள்ளுத்தாத்தா பஞ்சநதம். அவரோட அப்பா வைத்தியலிங்கம். பஞ்சநதம் ரங்கூன் போய்ச் சம்பாரிச்சுட்டு வந்தவர். வானதியோட கொள்ளுத்தாத்தாவும் பஞ்சநதம். அவரோட அப்பாவும் வைத்தியலிங்கம். அந்தப் பஞ்சநதமும் ரங்கூன்."

"அடேங்கப்பா, ரெண்டு வீடு வச்சிருந்தாரா?" என்றான் டேவிட்சன்.

"பெரியப்பா அப்படித்தான் சொல்றார். கப்பல்ல திரும்பி வந்ததும் எங்க தாத்தா கொஞ்ச வருஷம் கும்பகோணம் பக்கம் எங்கயோ இருந்தார்னு எங்க வீட்ல ஒரு பேச்சு உண்டு. அது இதுதான்ங்கறார். ஒரே ஆளோட ஆண்வழின்னா நாங்க பங்காளிங்க. எத்தனை தலைமுறை தள்ளி இருந்தாலும் அவ எனக்குத் தங்கச்சி முறை. கல்யாணத்தை நிறுத்திட்டாங்க."

"டி.என்.ஏ. பாத்தா ஒரு வாரத்துல தெரிஞ்சுடுமே சார்."

"சொல்லிப் பாத்தேன். எச்சிலைச் சோதிச்சுப் பொண்ணு குடுக்கற நெலமைக்கு எங்க வீடு இன்னும் வரலைன்னுட்டார் வானதியோட அப்பா."

குந்தவை அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்களுக்கு என்ன பதில் வேணும் தம்பி?"

"உண்மை" என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டான். "அவ தங்கச்சி இல்லைங்கற பதில் வேணும். அது இல்லைன்னா உண்மை." பிறகு எழுந்து நின்றுகொண்டு சொன்னான். "நான் இங்க வந்தது யாருக்கும் தெரிய வேணாம் மேடம். வானதிக்கும். நம்பிக்கையைக் குடுத்துட்டு அப்புறம் இல்லைன்னு ஆச்சுன்னா, அவ மறுபடி ஒரு தடவை அழணும்."

அவன் இறங்கிப் போனபின் குந்தவை இரண்டு பஞ்சநதங்களையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக எழுதிப் பார்த்தாள். இந்த அறையில் உட்கார்ந்து அவள் நிறுத்திய கல்யாணங்கள் அதிகம். நிறுத்தியது நல்லதற்குத்தான் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு அறிக்கையையும் உறையில் போட்டு ஒட்டும்போது, முகம் தெரியாத ஒரு பெண் எங்கோ ஒரு பட்டுப்புடவையை மடித்து உள்ளே வைப்பது போலத் தோன்றும். நின்றுபோன கல்யாணத்தோடு ஒருவன் படியேறி வந்தது இதுதான் முதல்முறை.

மறுநாள் பட்டுக்கோட்டை. ராஜ்குமாரின் வீட்டுக் கூடத்தில் ஒரு சுவர் முழுக்க அந்தச் சார்ட் தொங்கியது. அதற்குக் கீழே, தண்டனை வாங்கியவர்போல அவர் உட்கார்ந்திருந்தார்.

"நான் கெடுக்கணும்னு செய்யலீங்க" என்றார் எடுத்த எடுப்பில், பெண் வீட்டார் அனுப்பிய ஆட்கள் என்று நினைத்துக்கொண்டு. "சிங்கப்பூர்ல முப்பது வருஷமா சொந்தம்னு சொல்லிக்க ஒரு கதவு கிடையாது. இங்க வந்து தேடத் தேட ஆளுங்க கெடைச்சாங்க. தாத்தாவோட இன்னொரு குடும்பம் கெடைச்சப்போ எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அப்புறம்தான் உறைச்சுது."

"தாத்தா படம் ஏதாவது இருக்கா சார்?" என்றான் டேவிட்சன்.

"கஜா புயல்ல ஓடு பறந்துச்சு, படமும் போச்சு. அவங்க வீட்ல படமே எடுத்ததில்லையாம்."

"திதி? ரெண்டு வீட்லயும் ஒரே நாளா?"

"ரெண்டு வீட்லயும் தை அமாவாசைதான்."

டேவிட்சன் முகம் சுருங்கியது. டெல்டாவில் பாதிப் பேர் தை அமாவாசைக்குத்தான் கொடுக்கிறார்கள்.

"அவங்க வீட்டுத் தாத்தா பேரு பஞ்சநதம்னு உங்களுக்கு யார் சொன்னது?" என்று கேட்டாள் குந்தவை.

"பூவம்மாள்னு ஒருத்தங்க. வானதியோட அப்பா துரைராசுவுக்குச் சித்தி. அந்தத் தாத்தாவோட சின்ன மருமக. அவரைப் பாத்தவங்கள்ல உயிரோட இருக்கறது அவங்க ஒருத்தங்கதான். நானே போன்ல கேட்டேன். ஏழூர்ப் பல்லக்குக் கிளம்பற ஊர்ச் சாமியோட பேருன்னு பெருமையா வேற சொன்னாங்க."

"துரைராசுவுக்குத் தன் தாத்தா பேரு தெரியாதா?"

"ஊரே 'ரங்கூனார்'னுதான் கூப்பிட்டிருக்கு. இவர் பொறக்கறதுக்கு முன்னாடியே போயிட்டார். மாமியார் ஊர்ல வந்து தங்கின மனுஷன். நிலமெல்லாம் பாட்டி பேர்ல இருந்து நேரா பேரனுக்கு வந்திருக்கு. துரைராசுவோட அப்பா கைநாட்டு, இனிஷியலே போட்டதில்லையாம்."

வெளியே வந்ததும் டேவிட்சன் குரலைத் தாழ்த்தினான். "எல்லாக் கதவும் சாத்தியிருக்கு மேடம். எனக்கு இந்தப் பெரியப்பா மேலயே ஒரு டவுட்."

"அவர் கண்ணைப் பாத்தியா? தூங்கி நாளாச்சு. காரை எடு."

குத்தாலத்துக்குத் தெற்கே சாலையின் இருபுறமும் சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. துரைராசு அவர்களை வாசலிலேயே வரவேற்றார். மாப்பிள்ளை வீட்டார் அனுப்பிய விசாரணை என்று அவராகவே நினைத்துக்கொண்டார். யார் அனுப்பியது என்று குந்தவையும் சொல்லவில்லை. உள்ளே வானதி ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தாள். அழுது ஓய்ந்த முகம். இனி யாரிடமும் எதுவும் கேட்பதில்லை என்று முடிவெடுத்த முகமும்கூட.

பூவம்மாள் கொல்லைப்புறத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, காதில் போனோடு உட்கார்ந்திருந்தாள். எண்பதை நெருங்கும் வயது. குரலுக்கு அதில் பாதிதான் இருக்கும்.

"வாங்க, வாங்க, உக்காருங்க தம்பி. உக்காரு அம்மாடி. ஒரு நிமிஷம்." போனை மூடிவிட்டு, "அறுப்பு மெஷின்காரன். சொன்னா புரியாது அவனுக்கு" என்றாள்.

"பஞ்சநதத்தைப் பத்திக் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தோம்மா" என்றான் டேவிட்சன்.

"எந்தப் பஞ்சநதம்? பால் ஊத்தற பஞ்சநதமா, திருப்பனந்தாள்ல டெய்லர் கடை வச்சிருந்த பஞ்சநதமா? இந்தப் பக்கம் கண்ணை மூடிட்டுக் கை நீட்டினா ஒரு பஞ்சநதம் மேல படும்."

டேவிட்சன் விளக்குவதற்குள் போன் மறுபடி அடித்தது. அவள் எடுத்துக் கத்தினாள். "ஏன்டா, காலைல அஞ்சு மணிக்கு மேல ஒரு மணி நேரம் கழிச்சு வாடான்னா, அஞ்சுக்கே வந்து ஆரன் அடிச்சியாமே? பனியில நெல்லு எப்படிடா உதிரும்? நாளைக்காவது ஒழுங்கா வா. அதேதான். அஞ்சுக்கு மேல ஒரு மணி. ஏழு இல்லடா, ஏழு இல்ல!"

வானதியின் அம்மா தங்கமணி காபி கொண்டுவந்து வைத்தாள். "எடுத்துக்குங்க தம்பி, குளுந்துடும்" என்றாள் பூவம்மாள்.

டம்ளரை எடுக்கப் போன குந்தவையின் கை ஒரு கணம் நின்றது. பிறகு, "உங்க மாமனார் எப்படிப்பட்டவர்மா?" என்று கேட்டாள்.

கிழவியின் குரல் முதல்முறையாகத் தாழ்ந்தது. "நான் வாக்கப்பட்டு வந்தப்போ பதினெட்டு வயசு. அம்மா நெனப்பா அழுதுக்கிட்டே இருப்பேன். காவேரில தண்ணி வந்து ஊரே பாக்கப் போனாலும் நான் போகமாட்டேன். விடிஞ்சா அவரு ரங்கூன் பழக்கத்துல டீ போடுவாரு. ஒரு டம்ளர் எனக்கும் கொண்டாந்து அடுப்படி வாசப்படியில வச்சுட்டு, ஒண்ணும் பேசாமப் போயிடுவாரு. மருமகளுக்கு டீ போட்டுக் குடுத்த மனுஷன் அந்தக் காலத்துல எங்க இருந்தான்?" அவள் முந்தானையின் ஓரத்தைச் சுருட்டினாள். "இப்ப என்னடான்னா, வேற ஊர்ல வேற வீடு இருந்துச்சாம். படிச்சவங்க தேடிக் கண்டுபிடிச்சுச் சொல்றாங்க. இருந்திருக்கும். எனக்கு என்ன தெரியும்."

திரும்பும் வழியில் டேவிட்சன் பொங்கினான். "அந்தம்மா எதையோ மறைக்கிறாங்க மேடம். வர வேண்டிய நேரத்தைச் சொல்ல இவ்வளவு சுத்து வளைப்பா? அந்த டிரைவர் பாவம்."

"கரெக்டாத்தான் பிடிச்சிருக்கே."

"அப்போ மறைக்கிறாங்கதானே?"

"காபி குடுக்கும்போது என்ன சொன்னாங்க?"

"எடுத்துக்குங்க, குளுந்துடும்னாங்க."

"நம்ம வீட்ல என்ன சொல்வோம்?"

டேவிட்சன் யோசித்துக்கொண்டே ஒரு மாட்டுவண்டியை முந்தினான். குந்தவை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வாய்க்காலில் தண்ணீர் மெலிந்து ஓடியது. ஸ்டேஷனில் நாள் முழுக்க எத்தனையோ ஆண்களின் பெயரைச் சொல்லி அதட்டியவள் அவள். வீட்டுக்கு வந்தால் கணவரை 'என்னங்க' என்றுதான் கூப்பிடுவாள். யாரும் அப்படி இருக்கச் சொல்லவில்லை; எப்போது பழகியது என்றும் தெரியாது. அவர் இறந்தபின் சான்றிதழ் வாங்கப் போன இடத்தில் எழுத்தர் பெயரைக் கேட்டபோதுதான், அந்தப் பெயரைத் தன் வாயால் ஒருமுறைகூடச் சொன்னதில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. நாக்கு எழவில்லை. வரிசையில் நின்றவர்கள் அவள் அழுகிறாள் என்று நினைத்தார்கள்.

"ஞாயித்துக்கிழமை எல்லாரையும் துரைராசு வீட்டுக்கு வரச் சொல்லு" என்றாள். "பெரியப்பாவையும் மாப்பிள்ளையையும்."

ஞாயிறன்று கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். துரைராசு கைகட்டி உட்கார்ந்திருந்தார். ராஜ்குமார் சார்ட்டைச் சுருட்டி மடியில் வைத்திருந்தார். மதிவாணன் ஒரு பெஞ்சின் நுனியில். வானதி தன் அம்மாவை ஒட்டி, அவனைப் பார்க்காமல். பூவம்மாள் நடுவில் நாற்காலியில்.

"ராஜ்குமார் சார் சேத்து வச்ச அடையாளங்களை ஒவ்வொண்ணாப் பாப்போம்" என்று தொடங்கினாள் குந்தவை. "அப்பா பேரு வைத்தியலிங்கம். வைத்தீஸ்வரன் கோயிலுக்கு நேந்துக்கிட்ட வீட்லயெல்லாம் ஒரு வைத்தியலிங்கம் உண்டு. ரங்கூன் போனவர். நாகப்பட்டினத்துல கப்பல் ஏறினதுல பாதி நம்ம ஜில்லாக்காரங்க. தை அமாவாசை, அதுவும் அப்படித்தான். ஊருக்கே பொதுவா இருக்கறதை எத்தனை அடுக்கினாலும் ஒரு ஆளைக் காட்டாது சார். மிச்சம் இருக்கறது பஞ்சநதங்கற பேரு ஒண்ணுதான். பூவம்மாள் அம்மா அந்தப் பேரை வாயால சொன்னாங்களா?"

"சொன்னாங்களே."

"என்ன வார்த்தை சொன்னாங்களோ, அதை அப்படியே சொல்லுங்க."

ராஜ்குமார் கண்ணை மூடி யோசித்தார். "மாமனார் பேரை எப்படிச் சொல்றதுன்னு தயங்கினாங்க. அப்புறம் ஏழூர்ப் பல்லக்குக் கிளம்பற ஊர்ச் சாமி பேருன்னாங்க. திருவையாறுதானே? பஞ்சநதீஸ்வரர். எங்க தாத்தா பேரு. நான் உடனே எழுதிக்கிட்டேன்."

"அவங்க விடுகதை போட்டாங்க. நீங்க உங்களுக்குத் தெரிஞ்ச விடையை எழுதிக்கிட்டீங்க."

கூடத்தில் சலசலப்பு எழுந்தது. குந்தவை தொடர்ந்தாள். "நாங்க வந்த அன்னைக்கு அம்மா பஞ்சநதங்கற பேரைக் கூசாமச் சொன்னாங்க. பால்காரர் பஞ்சநதம், டெய்லர் பஞ்சநதம்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. மாமனார் பேரைச் சொல்லாதவங்க, அதே பேர் வச்ச பால்காரரை எப்படிக் கூப்பிடுவாங்க?"

"'பால்காரரே'ன்னுதான்" என்றாள் தங்கமணி, தன்னையறியாமல். "எங்க மாமியார் பேரு வெள்ளையம்மா. நான் வெள்ளைப் பூண்டைக்கூட உரிக்கிற பூண்டுன்னுதான் சொல்வேன்."

"அதேதான். அம்மாவும் ஒரு வார்த்தையை ஒதுக்கறாங்க. மெஷின் டிரைவர்கிட்ட அஞ்சு சொன்னாங்க, ஏழு சொன்னாங்க. நடுவுல இருக்கறதைச் சொல்லல. காபியைக் குளுந்துடும்னாங்க. நாமெல்லாம் என்ன சொல்வோம்?"

"ஆறிடும்!" என்று கத்தினான் டேவிட்சன். "ஆறு! மேடம், ஆறு!"

"ஆமா. திருவையாத்துச் சாமிக்குச் சமஸ்கிருதத்துல ஒரு பேரு, தமிழ்ல ஒரு பேரு; ரெண்டுக்கும் அஞ்சு ஆறுன்னுதான் அர்த்தம். ரெண்டையும் புள்ளைங்களுக்கு வைக்கறாங்க." குந்தவை பூவம்மாளிடம் குனிந்தாள். "மன்னிச்சுக்குங்கம்மா. உங்க முன்னாடி அந்தப் பேரை நான் சொல்ல வேண்டியிருக்கு. ஐயாறப்பன்."

கிழவி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, வாசலில் யாரோ வந்து நிற்பதுபோல் தலைகுனிந்து நின்றாள். இத்தனை நேரம் பஞ்சநதம், பஞ்சநதம் என்று எல்லோரும் சொன்னபோது அசையாமல் உட்கார்ந்திருந்தவள் அவள்.

"நான் சொன்னதை அவரு என்னன்னு எழுதிக்கிட்டாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் பிறகு, உட்காராமலே. "பங்காளின்னாங்க. பேரை யாரும் என்கிட்ட திருப்பிச் சொல்லலியே."

துரைராசு தொண்டையைச் செருமினார். "அவருக்கே பஞ்சநதம்னும் ஒரு பேரு இருந்திருந்தா?"

"இருந்திருந்தா, அந்த ரெண்டாவது பேரையும் இவங்க மாமியார் இவங்களைச் சொல்ல விட்டிருப்பாங்களா?" என்றாள் குந்தவை.

"சொல்லியிருந்தா வாயிலயே போட்டிருப்பா" என்றாள் பூவம்மாள். "ரங்கூன்லேர்ந்து வந்தப்புறம் அவரு ஒரு நாள் வெளியூர்ல தங்கினதில்லன்னு அவளே சொல்லுவா. அப்போ... வேற வீடெல்லாம்..."

"இல்லம்மா. அவருக்கு இது ஒண்ணுதான் வீடு."

அவள் மெதுவாக உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு ராஜ்குமாரைப் பார்த்து, "நல்லாப் படிச்சீங்க போங்க" என்றாள். ராஜ்குமார் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் கைகூப்பினார்.

"இவங்க கல்யாணத்தை வாழ்த்தறதுக்குப் பதிலா நிறுத்தப் பாத்தேனே" என்றவர், குந்தவையிடம் திரும்பினார். "இனிமே எப்படித்தாங்க தேடறது?"

"பேரைப் பிடிச்சுக்கிட்டு ஆளைத் தேடாதீங்க சார். ஆளோட இருந்தவங்களைத் தேடுங்க. அவங்க எதைச் சொல்றாங்கன்னு கேளுங்க, எதைச் சொல்லலைன்னும் கேளுங்க. உங்களுக்குத் தெரிஞ்ச பேரு வந்ததும் பேனாவை எடுத்துடாதீங்க."

"அப்போ எங்க தாத்தா கும்பகோணம் பக்கம் என்னதான் பண்ணினார்?"

"அது தனி கேஸ் சார்" என்றான் டேவிட்சன். "ஃபீஸ் தனி."

துரைராசு முதல் ஆளாகச் சிரித்தார். எழுந்து போய் ராஜ்குமாரின் தோளைத் தொட்டு, "மாசியிலயே வச்சுக்குவோம்" என்றார். தங்கமணி எதற்கென்று தெரியாமல் சமையலறைக்கு ஓடினாள்.

அப்போதுதான் வானதி பேசினாள். "மேடம், உங்களை யார் வரச் சொன்னது? அப்பாவா?"

"நான் இல்லம்மா. இவங்கதான்னு நெனச்சேன்" என்று துரைராசு ராஜ்குமாரைக் காட்டினார். ராஜ்குமார் தலையை ஆட்டி மறுத்தார்.

"யாரு கேட்டாங்கன்னு நாங்க வெளியில சொல்றதில்லை" என்றாள் குந்தவை.

பெஞ்சு நுனியில் இருந்த மதிவாணன் திடீரென்று மின்விசிறியை ஆராயத் தொடங்கினான். அவன் காது நுனிகள் சிவந்துபோயிருந்தன. வானதி அவனை வெகுநேரம் பார்த்தாள்.

"இத்தனை நாளா ஒரு போன் இல்ல" என்றாள். "நீயும் ஒத்துக்கிட்டேன்னு நெனச்சேன்."

"உன்கிட்ட சொல்லி, அப்புறம் நடக்கலைன்னா..." அவன் மின்விசிறியிலிருந்து பார்வையை இறக்கினான். "மறுபடி உன்னை அழவைக்க வேணாம்னு."

"அழறதா இருந்தா ரெண்டு பேரும் சேந்து அழுதிருக்கலாம். நான் தனியா அழுதேன்."

பெரியவர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். குந்தவைக்கு மட்டும் பார்வையை விலக்கத் தோன்றவில்லை.

வானதி எழுந்து கூடத்தைக் கடந்து போனாள். "தள்ளி உக்காரு" என்றாள். அவன் நகர்ந்தான். அவள் அந்தப் பெஞ்சில், அவன் பக்கத்தில் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டாள். இன்னும் கோபம் தீரவில்லை.

"முகூர்த்தத்துக்கு முன்னாடி இவ்வளவு பக்கம் வேணாம்டி" என்றாள் பூவம்மாள். ஆனால் யாரையும் எழுந்திருக்கச் சொல்லவில்லை.